ஆணைப்படி சமதளம்

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற அந்த ஆபீசை ஓர் ஏரிக்கரையில் கட்டியிருந்தார்கள். ஜனங்கள் அதை எப்.சி. ஆபீஸ் என்பார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து லாரி, வேன், டெம்போ எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போய் நின்று, ரோட்டில் ஓடலாமா என்று உத்தரவு வாங்க வேண்டும். கரையில் கட்டினதால் முற்றம் ஏரியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் முழுக்க ஒரே மூலைக்குப் போய் நிற்கும். எந்த வண்டியை நிறுத்தினாலும் டயருக்கு முன்னால் கல் வைக்க வேண்டும். கல் வைக்காத ஆபீஸ் ஜீப் ஒன்று ஒரு தடவை டிரைவர் இல்லாமலே ஏரிக்குப் போய்விட்டது. பெரிய அதிகாரி ரகுநாதனின் மேசையில் ஏரிப் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கு அடியில் மட்டும் செங்கல் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு முற்றம் சரிவு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் பலகையே மாட்டியிருந்தார்கள்: "இவ்விடம் ஆணைப்படி சமதளம்."

சென்னீர்குப்பத்து வேம்புலி தன் பிக்கப் வண்டியை அங்கே கொண்டுவந்தது எண்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு கேபின், பின்னால் திறந்த தொட்டி, அதுதான் பிக்கப். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் இரும்பு உருப்படிகளை ஏற்றி, பூந்தமல்லியில் கடைசல் பட்டறைகளில் இறக்குவது அவன் பிழைப்பு. அவன் அப்பனும் பாட்டனும் பிறத்தியார் கழனியில் நாற்றுப் பிடுங்கினவர்கள். அந்தக் குடும்பத்தில் தனக்கென்று ஒரு சாவி வைத்திருந்த முதல் ஆள் வேம்புலிதான். வார்ப்புப் பட்டறையின் ஸ்டோர்கீப்பர் கறாரான மனுஷன். வண்டி வராத நாளுக்கு வேறு வண்டியைக் கூப்பிடுவார். ஒரு வாரம் வராவிட்டால் அந்த வேறு வண்டியே நிரந்தரம்.

ஆகவே வேம்புலி எப்.சி.க்குப் போகிறவர்கள் செய்கிற எல்லாவற்றையும் செய்தான். வண்டியைக் கழுவினான். பம்பருக்குக் கறுப்பு அடித்தான். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் நல்ல ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, தீயணைக்கிற சிலிண்டர் மூன்றையும் சாயங்காலம் வரைக்கும் வாடகைக்கு எடுத்தான். அந்த வட்டாரத்து வண்டிகள் அத்தனையையும் வருஷம் பூராவும் தீயிலிருந்து காப்பாற்றி வந்தது அந்த ஒரு சிலிண்டர்தான்.

ஆபீசில் இரண்டு பிரிவுகள். ஒன்று உயரப் பிரிவு. வண்டி முன்னும் பின்னும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று ஒளிப் பிரிவு; ஹெட்லைட் வெளிச்சம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது. முன்னே ஒரே பிரிவாகத்தான் இருந்ததாம். எத்திராஜுக்கும் நாகேந்திரனுக்கும் நாற்காலி விஷயமாகச் சண்டை வந்ததால் இரண்டாக்கினார்கள். படித்தவன் சண்டை போட்டால் இலாகா உண்டாகும். நம்மைப் போன்றவன் சண்டை போட்டால் கேஸ் உண்டாகும்.

உயரப் பிரிவு எத்திராஜ் ஒரு தேக்குக் குச்சியோடு வந்தார். ஏரியைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். தரையில் அம்புக்குறி அப்படித்தான் போட்டிருந்தது. முன்னால் குச்சியை வைத்தார், பின்னால் வைத்தார்.

"பின்னாடி தூக்கிகினு நிக்குதே."

"காலி வண்டி சார்" என்றான் வேம்புலி. "பிக்கப்புன்னா கம்பெனிலயே பின்னாடி கொஞ்சம் தூக்கித்தான் வச்சி அனுப்பறான். லோடு ஏத்துனா உக்காந்துடும்."

"கம்பெனி எங்க கீது?"

"வடக்கால எங்கியோ சார்."

"அங்க சரியா இருந்திருக்கும். இங்க வந்துட்ட இல்ல? லோடு ஏத்தி சமமானா அது லோடோட சமம். எனக்கு வண்டியோட சமம் வேணும். பின்னாடி ஸ்பிரிங் பட்டையில ரெண்டு கழட்டிடு."

"கழட்டிட்டா இரும்பு ஏத்தும்போது பின்னாடி ரோட்ல உக்காந்துடும் சார்."

"அது நீ இரும்பு ஏத்தும்போது. நான் அப்போ அங்க இருக்க மாட்டேன்" என்றார் எத்திராஜ். "ஆனா ஒண்ணு. பட்டையில கை வச்சா வெளிச்சம் மாறிடும். அதனால மொதல்ல ஒளிப் பிரிவுல அனுமதி வாங்கிகினு வா."

ஒளிப் பிரிவு என்பது ஒரு கொட்டகை. ஹெட்லைட்டை இருட்டில்தான் பார்க்க வேண்டும்; ஆபீஸ் பகலில்தான் திறந்திருக்கும். அதற்காக நான்கு பக்கமும் சுவர் வைத்து மேலே ஷீட் போட்டிருந்தார்கள். ஷீட்டைக் குரங்குகள் உடைத்துவிட்டன. ஓட்டைகள் வழியாக வெயில் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கோடு. வெளிச்சம் அந்தக் கோட்டை ஒட்டி விழ வேண்டும்.

நாகேந்திரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இருட்டு போதாது."

இரண்டு பியூன்கள் தார்ப்பாய் கொண்டுவந்து மேலே பிடித்தார்கள். இருட்டு போதுமானது. இப்போது கோடு தெரியவில்லை. கோட்டைப் பார்க்க நாகேந்திரன் டார்ச் அடித்தார். கோடு தெரிந்தது, இருட்டு போய்விட்டது. டார்ச்சை அணைத்தார். தார்ப்பாய் பிடித்தவர்களில் ஒருவர் டீ குடிக்கக் கிளம்பினார்.

"பாத்த வரைக்கும் வெளிச்சம் ரொம்பக் கீழ விழுது" என்றார் நாகேந்திரன். "மூக்கு தரையில குத்திகினு நிக்குற வண்டி வேற எப்டி பாக்கும். ஹெட்லைட்டக் கொஞ்சம் மேல திருப்பணும்."

"இப்பவே ஸ்குரூவத் திருப்பிடறேன் சார். என்னாண்ட கீது ஸ்குரூ டிரைவர்" என்று வேம்புலி ஜேபியில் கை விட்டான்.

"தொடாத. வண்டி சமமா இல்லாதப்போ வெளிச்சத்தத் திருப்பினா நிக்காது. மொதல்ல உயரப் பிரிவுல அனுமதி வாங்கிகினு வா."

"அவரு உங்ககிட்ட வாங்கிகினு வரச் சொன்னாரு சார்."

"சொல்லுவாரு. அவருக்கு ஒளி பத்தி இன்னா தெரியும்?"

வேம்புலி எத்திராஜிடம் போனான். "அவருக்கு உயரம் பத்தி இன்னா தெரியும்?" என்றார் எத்திராஜ். வேம்புலி நாகேந்திரனிடம் வந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் சில தடவை நடந்தான், சாப்பாட்டுக்கு அப்புறம் சில தடவை நடந்தான். ஏரிப் பக்கம் போகும்போது கால் தானாக வேகமெடுத்தது, திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. சமதளத்தில் ஏன் இப்படி என்று அவன் யோசிக்கவில்லை. கவலைப்படுகிறவனுக்கு எங்கே நடந்தாலும் மூச்சு வாங்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள். சரி, நாளைக்கு ஒரு பட்டறையில் காட்டிவிட்டு வருவோம் என்று வண்டியைக் கேட்டுக்குக் கொண்டுபோனான். வாட்ச்மேன் பூங்காவனம் கேட்டைத் திறக்கவில்லை.

"எப்.சி. என்னிக்கி வரிக்கும் கீது?"

"இன்னியோட முடியுது அண்ணாத்தே."

"ஆபீஸ் மணி அடிச்சாச்சி. அப்ப முடிஞ்சிபோச்சி. எப்.சி. இல்லாத வண்டி ரோட்ல போவக்கூடாது."

"எப்.சி. வாங்கத்தான் வந்தேன்."

"வாங்கிகினு போ."

"அதுக்குப் பட்டை கழட்டணும். பட்டறைக்குப் போவணும்."

"பட்டறைக்கு எப்டி போவ? ரோட்லதான?"

"அப்ப மெக்கானிக்க இங்க இட்டாறேன்."

பூங்காவனம் கழுத்தைத் திருப்பி, பின்னால் இருந்த இன்னொரு பலகையைக் காட்டினார். வளாகத்துக்குள் பழுது பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

"வண்டிய உட்டுட்டு நான் ஊட்டுக்குப் போறேன்" என்றான் வேம்புலி.

"தாராளமா போ. உன்ன யாரு புடிச்சா. ஆனா ஆள் இல்லாத வண்டி கேட்பாரத்த வண்டி. ஏலத்துல பூடும். போன மாசம் ஒரு டெம்போ அப்டித்தான் பூட்ச்சி. நல்ல டெம்போ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாந்தான் எடுத்தேன்" என்றார்.

வேம்புலி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினான். கல் வைத்தான். வாடகைக்கு விட்ட ஆள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ஸ்டெப்னியையும் பெட்டியையும் சிலிண்டரையும் வேலிக்கு மேலாக வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வேறு வண்டிக்கு அவை தேவைப்பட்டன.

மறுநாள் காலையில் அவன் பெண்சாதி நாகவல்லி தூக்குச் சட்டியோடு வந்தாள். கேபினில் கால் நீட்டிப் படுத்திருந்தவனை வேலிக்கு வெளியே நின்றே பார்த்தாள்.

"இன்னாயா, குடித்தனம் இங்க மாத்திகினியா?"

"வண்டி சமமா இல்லையாம்."

"நீ சமமா கீறியா? எறங்கி வந்து துன்னு." சட்டியை நீட்டினாள். "ஸ்டோர்கீப்பரு ஆள் அனுப்பிச்சாரு. இன்னிக்கி வண்டி எங்கன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

வேம்புலி சோற்றைப் பிசைந்தான்.

"நீ இங்க குந்திகினு இரு. நான் தேவராஜை அனுப்பறேன்" என்றாள் அவள். தேவராஜ் அவள் தம்பி. அக்கா புருஷன் வண்டியைப் பார்த்துவிட்டு அதே ரகத்தில், அதே கடையில் ஒரு பிக்கப் வாங்கினவன். "லோடு வெளிய பூடக்கூடாது. நீ வர்ற வரிக்கும் அவன் ஓட்டட்டும். பையன் நீ இன்னா சொன்னாலும் கேப்பான்."

வேம்புலிக்கு வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது. ஆவடியிலிருந்து வந்த நீள லாரி ஒன்று உள்ளே வர இடம் வேண்டும் என்று பூங்காவனம் சொன்னதால், வேம்புலி வண்டியை அப்படியே வட்டமடித்து ரோட்டைப் பார்த்து நிறுத்தினான். அந்த வழியாகப் போன எத்திராஜ், பழக்க தோஷத்தில் குச்சியை வைத்துப் பார்த்தார். முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் வந்தது. குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான் வந்தது.

"திங்கக்கெழம பின்னாடி தூக்கிகினு இருந்த வண்டி இன்னிக்கி எப்டி முன்னாடி தூக்குது?"

"திருப்பி நிறுத்தினேன் சார்."

"திருப்பினா மாறிடுமா? நீ திரும்பி நின்னா குள்ளமா பூடுவியா?"

"தரை சாஞ்சிகினு கீது சார்" என்றான் வேம்புலி. அது வாயில் வந்துவிட்டது. முற்றத்தில் இருந்த டிரைவர்கள் எல்லாம் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பூங்காவனம் தன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

எத்திராஜ் மெதுவாகக் குச்சியைக் கீழே வைத்தார். அது உருண்டு ஏரிப் பக்கம் போயிற்று. ஒரு பியூன் அதைத் துரத்திப் பிடித்து, துடைத்து, மரியாதையாகத் திரும்பக் கொடுத்தான்.

"நிலையில்லாத வண்டி" என்று சொல்லிக்கொண்டே எத்திராஜ் அட்டையில் எழுதினார். "ஓட்டறவன் புத்தியும் அப்டித்தான் கீது. பெரியவர் ரூமுக்கு வா."

ரகுநாதன் சாமானியர்களிடம் பேசுவதில் பேர் வாங்கினவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"உட்காருங்க வேம்புலி. வேண்டாம், அந்த நாற்காலி நகரும். நில்லுங்க. தரை சரிவுன்னு சொன்னீங்களாமே?"

"தண்ணி அந்தப் பக்கமா ஓடுது சார்."

"தண்ணி படிக்காதது. அது எங்க வேணாலும் ஓடும். நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க சொல்றபடி தரை சரிவுன்னே வச்சுக்குவோம். அப்படின்னா இத்தனை வருஷமா இங்க தேறின வண்டி எல்லாம் தப்பாத் தேறியிருக்கணும். இல்லையா?"

"ஆமா சார்."

"தேறாத வண்டி எல்லாம் தப்பாத் தேறாம போயிருக்கணும். அதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்கதான் சார்."

"நான் தப்பாக் கையெழுத்துப் போடுவேனா?"

"எனக்குத் தெரியாது சார்."

"போட மாட்டேன். ஏன்னா என் கையெழுத்து விழுந்ததுன்னா அது சரின்னு அர்த்தம். எல்லாமே சரி. அதனால தரை சமம். இது கணக்கு. இதுல நீங்க வருத்தப்பட ஒண்ணுமே இல்லை." அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, அது உருளாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். "ஏழை எளியவங்களுக்காகத்தான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன். ஒரு சான்று நான் நிறுத்தி வச்சா, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்காது. அதனால நான் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன், உடம்புக்கும் நல்லது. ஆனா உங்க ஒரு வண்டிக்காகத் தரையை நேராக்கினா, நாளைக்கு வர்ற ஒவ்வொரு வண்டியும் நேரான தரை கேக்கும். அரசாங்கம் எங்க போகும்?"

வேம்புலி கும்பிட்டான். "எனக்குத் தரை வாணாம் சார். லோடு ஏத்துனா வண்டி உக்காந்துடும். ஏத்தி ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

ரகுநாதன் இரண்டு பிரிவையும் கூப்பிட்டு அனுப்பினார். எத்திராஜும் நாகேந்திரனும் ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து நின்றார்கள். முதலில் சமமா, முதலில் வெளிச்சமா என்பது பற்றி மத்தியானம் பூராவும் பேசினார்கள். வேம்புலி வெளியே நின்று கேட்டான். எத்திராஜ், "உயரம் இல்லாம ஒளி எங்க உக்காரும்" என்றார். நாகேந்திரன், "ஒளி இல்லாம உன் உயரத்த எவன் பாத்தான்" என்றார். கடைசியில் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வது என்று தீர்மானம் ஆயிற்று. அந்த ஆபீசில் அதுவரை அப்படி ஒரு தீர்மானம் ஆனதே இல்லை என்பதால் எல்லோருக்கும் சமோசா வந்தது. வேம்புலிக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

லோடுக்கு எங்கே போவது? ஏரி உடைத்துக்கொண்டால் அடைப்பதற்கென்று கொட்டகைக்குப் பின்னால் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றைத் தொட்டியில் ஏற்றினார்கள். எத்திராஜ் குச்சியை வைக்க வைக்க, பியூன்கள் மூட்டையைப் போட்டார்கள். பின்பக்கம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குச்சி முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டியது. நாகேந்திரன் உடனே ஸ்குரூவைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் கோட்டை ஒட்டி விழுந்தது. கோடு தெரியவில்லைதான். ஆனாலும் அவருக்கு அன்றைக்கு நல்ல மனசு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வேம்புலிக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினான்.

"மூட்டை எங்க போவுது?" என்றார் பூங்காவனம் கேட்டில்.

மூட்டை அரசாங்கச் சொத்து. வெளியே போகக் கூடாது. மூட்டையை இறக்கினால் வண்டி சமமில்லை. சமமில்லாத வண்டிக்குப் போட்ட கையெழுத்து செல்லாது. ரகுநாதன் ஜன்னல் வழியாக இதை ஆமோதித்தார். "பூங்காவனம் சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். பூங்காவனத்துக்கு அந்த வருஷம் நல்ல வாட்ச்மேன் என்று ஒரு துண்டு போர்த்தினார்கள்.

வேம்புலி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தேக்கு என்று பேர் வாங்கியிருந்த எத்திராஜின் குச்சியைக் கரையான் தின்றுவிட்டது. புதுக் குச்சி வர நாளாகும். வந்த வண்டியை எதை வைத்து அளப்பது? முற்றத்தில் சமம் என்று இரண்டு பிரிவும் ஒப்புக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வேம்புலியின் பிக்கப். அதற்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. அதைப் போல நின்றால் தேறும். நிற்காவிட்டால் பட்டையைக் கழற்று, சேர், பதினைந்து நாள் கழித்து வா. வெளிச்சத்துக்கும் அதுவே அளவு. வேம்புலி தன் ஹெட்லைட்டைப் போட வேண்டும், வந்தவன் தன்னுடையதைப் போட வேண்டும், இரண்டு வெளிச்சமும் சேர்ந்து விழ வேண்டும். வண்டியின் நெற்றியில் 'மாதிரி' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதினார்கள்.

அந்த நாளிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் எதிரே வருகிற வண்டியெல்லாம் கண்ணைக் குத்தியது. அல்லது தன் டயருக்கு முன்னால் மட்டும் வெளிச்சம் போட்டுக்கொண்டு குருடன் மாதிரி வந்தது. எல்லா வண்டிகளும் ஏரிச் சரிவுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தன.

டிரைவர்கள் மாதிரி வண்டிக்கு மாலை போட ஆரம்பித்தார்கள். அதன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வேம்புலியின் சட்டை கிழிந்துபோனதால் பூங்காவனம் தன் பழைய காக்கிச் சட்டையைக் கொடுத்தார். சட்டை மாறினதும் எல்லோரும் அவனை சார் என்று கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. "லைட்டப் போடு" என்பான். "பிரைட்டு. டிம்மு. சரிப்படாது, போ." எதிரே நிற்கிறவன், "சார், சார், இன்னொரு தபா பாருங்க சார்" என்று கெஞ்சும்போது, அவன் மூக்குக் கண்ணாடி இல்லாமலே மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

ஆனால் மனசு வெளியேதான் இருந்தது. நாகவல்லி கொண்டுவருகிற சேதிக்குக் காத்திருப்பான்.

"தேவராஜ் நல்லா ஓட்டறானாம். ஸ்டோர்கீப்பரு அவனத்தான் புடிச்சிகினு கீறாரு" என்றாள் ஒரு நாள்.

"என்னக் கேட்டாரா?"

"உன்னயா? 'எந்த வேம்புலி'ன்றாரு."

அன்றைக்கு வேம்புலி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ரகுநாதன் அறைக்குப் போனான். "சார், நான் எப்ப போவலாம்?"

"உங்க சேவையை இந்த ஆபீஸ் மறக்காது" என்றார் ரகுநாதன். "மாதிரி இல்லாம ஆபீஸ் நடக்காது. உங்களுக்கே தெரியும். இதே ரகம், இதே நீளம், இன்னொரு வண்டி கிடைக்கட்டும். அன்னைக்கே உங்களை அனுப்பிடறேன்."

"மூட்டை இல்லாமயா சார்? கையெழுத்து செல்லாதுன்னீங்களே."

"மாதிரியா இருந்த வண்டி எப்படித் தேறாம போகும்? யோசிச்சுப் பேசுங்க."

கார்த்திகை பிறந்து, மழை ஓய்ந்து, வெயில் அடித்த ஒரு மத்தியானம் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பிக்கப் உள்ளே வந்தது. அதே ரகம். அதே நீளம். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கை ஏரிப் பக்கம் வைத்து வந்து நின்றது. உள்ளேயிருந்து தேவராஜ் தலையை நீட்டினான். மடியில் தூக்குச் சட்டி.

"மாமா. அக்கா சோறு குடுத்தனுப்பிச்சிது. கருவாட்டுக் கொயம்பு. அப்டியே என் வண்டியும் இன்னியோட எப்.சி. முடியுது, காட்டிகினு போயிடலாம்னு வந்தேன்."

வேம்புலி கிட்டப் போனான். தேவராஜ் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். காலை எடுத்தால் வண்டி நகர்ந்தது.

"இன்னா மாமா இது, தரை சாஞ்சிகினு கீற மாதிரி கீது. இங்க வச்சிப் பாத்தா வண்டி சரியா வராதே." குரலைத் தாழ்த்தினான். "நீ இன்னா சொல்ற? நிறுத்தட்டா, இல்ல இப்டியே ரிவர்ஸ் எடுத்துகினு போயிடட்டா? சாயங்காலம் வரிக்கும் எப்.சி. கீது. வேற ஆபீசுல நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒத்தரு கீறாரு. ரெண்டு வண்டிக்கும் சேத்தே பேசிடலாம்."

கேட் இன்னும் திறந்துதான் இருந்தது. பூங்காவனம் ஸ்டூலில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். ஜன்னலில் ரகுநாதனின் முகம் தெரிந்தது. அவர் தேவராஜின் வண்டியை முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாகப் பார்த்துவிட்டு, வேம்புலியைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்.

வேம்புலி தேவராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். மூடினான்.

"தரையெல்லாம் சமம்தான் மச்சான்" என்றான். "டயருக்கு முன்னாடி ஒரு கல்ல வச்சிட்டு எறங்கு."

தேவராஜ் கல்லை வைத்துவிட்டு இறங்கினான்.

மிச்சமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அரசாங்க வேலை சீக்கிரம் முடியாது என்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். எத்திராஜ் அளந்தார், நாகேந்திரன் பார்த்தார், மணி அடித்தது, தேவராஜின் எப்.சி. முடிந்தது. பியூன்கள் மூட்டைகளை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்கு மாற்றினார்கள். வேம்புலி கழற்றிக் கொடுத்த காக்கிச் சட்டையை மடித்து, தேவராஜின் சீட்டில் வைத்தார்கள். "இது இன்னாத்துக்கு மாமா?" என்று தேவராஜ் கேட்டான். "வச்சிக்கோ. குளிரும்" என்றான் வேம்புலி. பூங்காவனம் கேட்டை அகலத் திறந்து சலாம் போட்டார்.

வேம்புலி சென்னீர்குப்பம் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். வண்டிச் சத்தம் கேட்டு நாகவல்லி வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள்.

"வந்துட்டியா. தேவராஜ் எங்க?"

"ஆபீஸ்ல கீறான்."

"அவன் வண்டி?"

"அதுவும் அங்கதான் கீது." வேம்புலி செம்பில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவினான். நேரான தரையில் நின்று பழக்கம் விட்டுப்போனதால் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு லோடுக்கு நான் போறேன். ஸ்டோர்கீப்பராண்ட சொல்லிடு."

"நான் அதக் கேக்கல. எந்தம்பி எப்ப வருவான்?"

"அதே ரகத்துல இன்னொரு வண்டி வந்தா வந்துடுவான்."

நாகவல்லி செம்பை அவன் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள். இவனை அடிப்பாளோ என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவள் அடிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் நாலைந்து வீடு தள்ளிப் பார்த்தாள். அங்கே ஒரு பிக்கப் வண்டி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது.

"கஸ்தூரி புருசன் வண்டிக்கு" என்று கேட்டாள், "எப்.சி. எப்ப முடியுது?"